பாவம் பாஸ், இந்த ப்ளஸ் ஒன்!

டென்த் படிக்கிற பையனை வீட்ல எல்லாரும் விசாரிப்பாங்க. ப்ளஸ் டூ-ன்னா கேட்கவே வேணாம், கேபிள் கனெக்‌ஷனையே பிடுங்கிடுவாங்க. நடுவுல ப்ளஸ் ஒன்-னு ஒரு ஜீவன் இருக்கே, அதை யாரும் கண்டுக்க மாட்டாங்க. ‘அடுத்த வருஷம்தானே முக்கியம்?’னு போற போக்குல சொல்லிட்டுப் போற வருஷம் அது!

ஆனா ஸ்கூல் லைஃப்ல எது செம வருஷம்னு நம்ம காலேஜ் கேன்டீன்ல கேட்டுப் பாருங்க. நிறையப் பேர் ப்ளஸ் ஒன்-தான்னு அடிச்சுச் சொல்லுவாங்க. புது க்ரூப், புது செக்‌ஷன், சிலருக்குப் புது ஸ்கூல். பயோ மேத்ஸ் பசங்களுக்கும் கம்ப்யூட்டர் சயின்ஸ் பசங்களுக்கும் காரணமே தெரியாத பகை. வெர்னியர் காலிப்பரை ஒத்தைக் கண்ணால உத்துப் பார்த்துட்டு, பக்கத்து டேபிள் ரீடிங்கை அப்படியே எழுதுற வீரம். கவர்ன்மென்ட் ஸ்கூல்னா அரசு சைக்கிள் கைக்கு வர்றதும் ப்ளஸ் ஒன்-லதான். பேசினவங்க பேரை லீடர் போர்டுல எழுதுறப்போ, தன் ஃப்ரெண்டு பேரை மட்டும் நைஸா அழிக்கிறதும் இந்த வருஷம்தான்!

இந்த வருஷம் இப்போ எப்படி இருக்கு? திருச்சி சத்திரம் பஸ் ஸ்டாண்டுல, டியூஷனுக்குப் பஸ் பிடிக்க நின்ன ப்ளஸ் ஒன் பட்டாளம் ஒண்ணுகிட்ட பேச்சுக் கொடுத்தேன்.

“பி.டி. பீரியடு இருக்காடா?”

“டைம்டேபிள்ல இருக்குண்ணா!”

கூட்டமே சிரிச்சுது. “வாரத்துக்கு ரெண்டுண்ணா. ஒண்ணை மேத்ஸ் சார் எடுத்துக்குவார், இன்னொண்ணை பிசிக்ஸ் மிஸ். பி.டி. சார் எட்டிப் பார்த்து, ‘சத்தம் போடாம படிங்கடா’ன்னுட்டுப் போயிடுவார்.”

பக்கத்துல நின்ன பொண்ணு குறுக்கே வந்துச்சு. “அதாவது பரவாயில்லண்ணா. எங்க ஸ்கூல்ல டிசம்பர்லயே ப்ளஸ் டூ புக்கைக் கையில கொடுத்துட்டாங்க.”

“அப்போ ப்ளஸ் ஒன்-ல மிச்சம் இருக்கிற பாடம்?”

“‘இனிமே அதுக்கு பப்ளிக் இல்ல, தேவைப்படாது’ன்னு சொல்லிட்டாங்க.”

எங்கேயோ கேட்ட டயலாக் மாதிரி இருக்கா? 1,200 மார்க் காலத்து சீனியர்களைக் கேளுங்க, கதை கதையா சொல்லுவாங்க. அப்போ ப்ளஸ் ஒன்-னுக்கு பப்ளிக் கிடையாது. பல தனியார் ஸ்கூல்கள்ல ரெண்டு வருஷமும் ப்ளஸ் டூ புக்தான். என் பெரியப்பா பொண்ணு 2016-ல அப்படிப் படிச்சு முடிச்சாங்க. கணக்குல 200-க்கு 198! தெருவே ஸ்வீட் சாப்பிட்டுச்சு. இன்ஜினீயரிங் முதல் செமஸ்டர்லயே அதே கணக்குல அரியர். லிமிட், டிஃப்ரன்சியேஷன் எல்லாம் ஆரம்பிக்கிறதே ப்ளஸ் ஒன்-லதான். அக்கா அந்தப் பக்கத்தைப் புரட்டினதே இல்ல. கடைசியில பக்கத்து வீட்டுப் பையனோட ப்ளஸ் ஒன் புக்கைக் கடன் வாங்கி, மொட்டை மாடியில உட்கார்ந்து படிச்சாங்க.

இந்தக் கூத்தை நிறுத்தத்தான் ப்ளஸ் ஒன்-னுக்கும் பொதுத்தேர்வுன்னு 2017-ல அரசு அறிவிச்சது. 2018 மார்ச்ல முதல் பரீட்சை. முதல்ல ‘ரெண்டு வருஷத்துக்கும் சேர்த்து 1,200’னாங்க, அப்புறம் ‘மேற்படிப்புக்கு ப்ளஸ் டூ-வோட 600 மட்டும் போதும்’னு மாத்திட்டாங்க. ஆனாலும் ஹால் டிக்கெட்னு ஒண்ணு இருந்ததால புக்கைத் திறந்தாக வேண்டியிருந்தது. எங்க பேட்ச் நிலைமை இன்னும் காமெடி. 2021-ல கொரோனாவால டென்த் பப்ளிக் ரத்து. மார்க்கே போடாத சர்டிஃபிகேட்டோட பாஸ் ஆனோம். அதனால 2022 மே-ல எழுதின ப்ளஸ் ஒன் பரீட்சைதான் எங்களுக்கு வாழ்க்கையின் முதல் பப்ளிக். ஹால்ல ஃபேன் சத்தத்தைவிட என் நெஞ்சு சத்தம் ஜாஸ்தி!

2025 ஆகஸ்ட்ல வந்த மாநிலக் கல்விக் கொள்கையோட அந்தப் பரீட்சைக்கும் டாட்டா. 2025-26-லேர்ந்து ப்ளஸ் ஒன்-னுக்கு பப்ளிக் கிடையாது. நல்லதுதான் பாஸ். டென்த், ப்ளஸ் ஒன், ப்ளஸ் டூன்னு மூணு வருஷம் வரிசையா மிரட்டினா எந்தப் பையன்தான் தாங்குவான்? பிரஷரைக் குறைக்கத்தான் எடுத்தாங்க. ஆனா அந்த பஸ் ஸ்டாண்டு பசங்களைப் பார்த்தா பிரஷர் குறைஞ்ச மாதிரி தெரியலை. வர வேண்டிய ப்ளஸ் டூ, ஆறு மாசம் முன்கூட்டியே வந்து உட்கார்ந்திருக்கு.

ஸ்கூல் பக்கத்துக் கணக்கும் சிம்பிள். இன்ஜினீயரிங் கட் ஆஃப் 200-ல மேத்ஸ் 100, பிசிக்ஸ் 50, கெமிஸ்ட்ரி 50. எல்லாமே ப்ளஸ் டூ மார்க். ஃப்ளெக்ஸ் பேனர்ல போட ப்ளஸ் ஒன்-ல எதுவும் இல்லையே! ஆனா நீட், ஜே.இ.இ. கேள்வித்தாள்ல ப்ளஸ் ஒன் பாடமும் இருக்கும். அங்கே போய் முழிக்கப் போறது கரஸ்பாண்டென்ட் இல்லை, அந்தப் பொண்ணுதான்.

பஸ் வந்துடுச்சு. ஏறப் போன ஒருத்தனை நிறுத்தி, “நாளைக்கே நிஜமா பி.டி. பீரியடு விட்டா என்னடா பண்ணுவ?”ன்னு கேட்டேன்.

ஃபுட்போர்டுல நின்னுக்கிட்டே யோசிச்சான். “பந்தெல்லாம் ஸ்டோர் ரூம்ல இருக்குண்ணா. சாவி யார்கிட்ட இருக்குன்னுதான் தெரியலை!”