இரண்டு டாலர் இனிக்கும் இடம்

சத்தம் போடாமல் வாருங்கள், ஸ்கேன் அறைக்குள் எட்டிப் பார்க்கப் போகிறோம்! இடம், அமெரிக்காவின் அட்லாண்டா நகரிலுள்ள எமரி பல்கலைக்கழகம். குழாய்க்குள் ஒரு பெண் மல்லாந்து படுத்திருக்கிறார். இயந்திரம் காதடைக்க இரைகிறது. தலை இம்மியும் அசையக் கூடாது. பொத்தானில் இருக்கும் விரலுக்கு மட்டும்தான் வேலை. அவரோடு ஆடும் இன்னொரு பெண் வெளியே, கணினி முன்னால்.

ஆட்டத்தின் பெயர் 'கைதிகளின் இக்கட்டு'. இருவரும் ஒத்துழைத்தால் ஆளுக்கு 2 டாலர். ஒருவர் மட்டும் காலை வாரினால் அவருக்கு 3, நம்பியவருக்குப் பூஜ்யம். இருவருமே வாரிக்கொண்டால் ஆளுக்கு 1. எதிராளி எதைச் செய்தாலும், அந்தச் சுற்றுக்கு வாருவதே லாபம்!

ஜேம்ஸ் ரில்லிங், கிரெகரி பெர்ன்ஸ் குழுவினர் இப்படி 36 பெண்களின் மூளையைப் படம் பிடித்தார்கள். நம்பிக் கெட்டவரின் மூளைதான் அதிகம் துள்ளும் என்பது அவர்கள் எதிர்பார்ப்பு. நடந்ததோ வேறு. இருவரும் கைகோத்த சுற்றுகளில்தான், இனிப்புக்கும் பணத்துக்கும் மயங்குகிற நியூக்ளியஸ் அக்கும்பன்ஸ் உள்ளிட்ட பகுதிகளுக்கு ரத்தம் பாய்ந்தது! எனக்கு இதைப் படித்த அன்று தூக்கமே வரவில்லை. அந்த ஒத்துழைப்பு நீள நீள, பாய்ச்சலும் கூடியதாம். எதிரே ஆடுவது வெறும் கணினி என்று சொல்லிவிட்டால் அந்தக் குதூகலம் மங்கிவிட்டது. 2 டாலர் அதே 2 டாலர்தான், கொடுக்க ஓர் ஆள் வேண்டியிருக்கிறது! 2002-இல் 'நியூரான்' இதழில் இது வெளிவந்தது.

இன்னும் ஒரே ஓர் அறை, கிளம்பிவிடாதீர்கள். ஆரெகன் பல்கலைக்கழகத்தில் வில்லியம் ஹார்பாவும் உல்ரிக் மேயரும் 19 பெண்களுக்குத் தலா 100 டாலர் கொடுத்துக் குழாய்க்குள் அனுப்பினார்கள். சில சுற்றுகளில் அந்தப் பணத்திலிருந்து ஏழைகளுக்கு உணவு தரும் அமைப்புக்கு வரிபோல ஒரு தொகை தானாகப் போய்விடும். யாரும் சம்மதம் கேட்பதில்லை. முகம் சுளிக்க வேண்டிய நேரம்தானே? மூளையின் அதே மகிழ்ச்சிப் பகுதி அப்போதும் விழித்துக்கொண்டது! தாங்களே மனமுவந்து கொடுத்த சுற்றுகளில் அது இன்னும் பலமாக இயங்கியது.