எங்கே புதைத்தார்கள்?

"ரெண்டு பேரும் ஏசுவைத்தானே கும்பிடுறாங்க, அப்புறம் என்ன சண்டை?" வட அயர்லாந்து பற்றிப் பேச்செடுத்தாலே இந்தக் கேள்வி வந்துவிடும். நியாயமான கேள்விதான். ஆனால் அங்கே கத்தோலிக்கர், புராட்டஸ்டன்ட் என்பது யார் எந்தக் கோயிலுக்குப் போகிறார் என்பதோடு நிற்பதில்லை. 1921-இல் அயர்லாந்து பிரிந்தபோது வடக்கின் ஆறு மாவட்டங்கள் பிரிட்டனோடு தங்கிவிட்டன. அங்கே பெரும்பான்மையாக இருந்த புராட்டஸ்டன்டுகளுக்கு அது வசதி. கத்தோலிக்கர்களில் பெரும்பாலோர் ஒன்றுபட்ட அயர்லாந்தைக் கேட்டார்கள். வீடு ஒதுக்குவதில், வேலை கொடுப்பதில், உள்ளாட்சி ஓட்டில் நடந்த பாரபட்சத்தை எதிர்த்து 1968-இல் ஊர்வலங்கள் கிளம்பின. மறு வருடமே தெருவில் பிரிட்டிஷ் ராணுவம் வந்து நின்றது. 1998 ஏப்ரலில் புனித வெள்ளி சமாதான ஒப்பந்தம் கையெழுத்தாவதற்குள் சுமார் 3,500 உயிர்கள் போய்விட்டன. மொத்தமே பதினைந்து லட்சம் பேர் வாழ்ந்த இடம் அது.

நான் சொல்ல வந்தது அதற்குள் இருக்கும் ஒரு சின்னப் பட்டியலை. 17 பெயர்கள், காணாமல் ஆக்கப்பட்டவர்கள். பெரும்பாலும், ஒன்றுபட்ட அயர்லாந்துக்காக ஆயுதம் ஏந்திய ஐ.ஆர்.ஏ. கடத்திக் கொன்று, ரகசியமாகப் புதைத்தவர்கள். எதிர்த் தரப்பினர் என்று நினைத்துவிட வேண்டாம். அநேகமாக எல்லாரும் அதே கத்தோலிக்கத் தெருக்களில் வளர்ந்தவர்கள். காட்டிக்கொடுத்தார்கள் என்பதுதான் பலர்மேல் சுமத்திய குற்றம். சொந்த ஜனத்தைக் கொன்றோம் என்று ஊருக்குள் சொல்ல முடியாதபோது, உடலையும் மறைக்க வேண்டியதாகிவிடுகிறது.

ஜீன் மக்கொன்வில், பத்துப் பிள்ளைகளின் தாய். புராட்டஸ்டன்டாகப் பிறந்து கத்தோலிக்கரை மணந்தவர். 1972-ஆம் வருடத் தொடக்கத்தில் கணவர் புற்றுநோயில் போய்விட்டார். அதே டிசம்பரில், மேற்கு பெல்ஃபாஸ்டின் டிவிஸ் குடியிருப்பில் ஒரு கும்பல் வீட்டுக்குள் புகுந்து, பிள்ளைகள் கட்டிப்பிடித்து அலற அலற அவரை இழுத்துக்கொண்டு போனது. பிரிட்டிஷ் சிப்பாயோடு ஓடிவிட்டாள் என்று பிறகு வதந்தி பரவியது. பிள்ளைகள் கொஞ்ச நாள் தாங்களே சமைத்துச் சாப்பிட்டுப் பார்த்தார்கள். அப்புறம் அவர்களை வெவ்வேறு விடுதிகளுக்குப் பிரித்துவிட்டார்கள். ஜீன் உளவு சொன்னார் என்பதற்கு எந்த ஆதாரமும் இல்லை என்று காவல்துறைக் குறைதீர்ப்பாளர் 2006-இல் அறிவித்தார். முப்பத்து நாலு வருடம் கழித்து!

உடல் 2003 ஆகஸ்டில் கிடைத்தது, எல்லைக்குத் தெற்கே லவ்த் மாவட்டத்தின் ஷெல்லிங் ஹில் கடற்கரையில், நடக்கப் போனவர்கள் கண்ணில் பட்டு. 1999-இல் அந்தப் பக்கத்துக் கடற்கரை ஒன்றை வாரக்கணக்கில் தோண்டியும் அகப்படவில்லை. நம்மூர் அம்மாக்கள் தாலியிலோ வளையலிலோ ஊக்கு கோத்து வைத்திருப்பார்களே, அப்படி அவரும் துணியில் எப்போதும் ஒரு நீல ஊக்கு குத்தியிருப்பாராம். மக்கிப்போன உடைகளைக் காட்டியபோது ஒரு மகன் கேட்டது அந்த ஊக்கைத்தான். மடிப்பைத் திருப்பிப் பார்த்தார்கள், இருந்தது.

இப்படிப்பட்ட குடும்பங்களுக்காகத்தான் 1999-இல் பிரிட்டனும் அயர்லாந்தும் சேர்ந்து தனி ஆணையம் ஒன்றை அமைத்தன. ஏற்பாடு விசித்திரமானது. புதைத்த இடம் தெரிந்தவர்கள் பெயர் சொல்லாமலே தகவல் கொடுக்கலாம். அந்தத் தகவலையோ, கிடைக்கும் எலும்பையோ வைத்து யார்மேலும் வழக்குப் போட முடியாது. கொலைக்கு மன்னிப்பு என்று இதற்கு அர்த்தம் இல்லை. வேறு வழியில் சாட்சியம் வந்தால் வழக்கு வரலாம். பெற்றவர்கள் பலர் இதற்குச் சம்மதித்தார்கள். அதைப் பெருந்தன்மை என்று புகழ எனக்கு மனம் வரவில்லை. வேறு வழி வைக்காமல் எடுத்த சம்மதம் அது.

2023-இல் லண்டன் அரசு அந்தக் காலக் குற்றங்கள் எல்லாவற்றுக்குமாக ஒரு சட்டம் கொண்டுவந்தது. உண்மை சொன்னால் வழக்கிலிருந்து விலக்கு என்றது. மரண விசாரணைகளுக்கும் பூட்டுப் போட்டது. வட அயர்லாந்தில் எதிலும் ஒத்துப்போகாத கட்சிகள் எல்லாம் சேர்ந்து எதிர்த்தன. விலக்குப் பிரிவு மனித உரிமைக்கு விரோதம் என்று பெல்ஃபாஸ்ட் உயர் நீதிமன்றம் 2024 பிப்ரவரியில் சொன்னது. 1999 ஏற்பாட்டில் குடும்பங்களுக்கு ஒரு சவப்பெட்டியாவது வீடு வந்தது. 2023 சட்டம், நடந்துகொண்டிருந்த விசாரணையையும் பிடுங்கியது.

பதினேழு பேரில் பதின்மூன்று பேர் கிடைத்துவிட்டார்கள். ஒருவர் பிரான்ஸ் காட்டில்; இருவர் ஒரே குழியில், அதுவும் வேறொருவரைத் தேடப்போன இடத்தில். மிச்சமுள்ள நால்வரில் ஒருவர் கொலம்பா மக்வே, 1975-இல் போனபோது 19 வயது. மொனஹன் மாவட்டத்தின் பிராகன் சதுப்பில் இருப்பதாகத் தகவல். காயவைத்து அடுப்பெரிக்க வெட்டும் கருஞ்சேறுதான் அந்த நிலம் முழுக்க. எந்திரம் வைத்து அடுக்கடுக்காகச் சீவி, பக்கத்தில் தொல்லியல் ஆட்கள் நின்று பார்க்கிறார்கள். பலமுறை தேடியாயிற்று. இருட்டில், அவசரத்தில், பதற்றத்தோடு தோண்டிய குழி அது. அடையாளம் வைத்த வேலி போயிருக்கும், மரம் நட்டிருப்பார்கள், சேறு நகர்ந்திருக்கும். தோண்டியவர்கள் உயிரோடு இருந்தால் எழுபதைத் தாண்டிய கிழவர்கள். கொலம்பாவின் தாய் 2007-இல் இறந்தார். நவம்பர் 2024-இல் மொனஹனிலேயே, 1972-இல் காணாமல்போன ஜோ லின்ஸ்கியைத் தேடி ஒரு கல்லறையைத் திறந்தார்கள். எலும்புகளைப் பரிசோதித்தார்கள், அவருடையவை அல்ல. ஆணையம் மறுபடி கேட்பது பழைய கேள்வியைத்தான்: பாதையிலிருந்து எத்தனை தூரம், எந்தப் பக்கம்?