பஜ்ஜி சுட்ட எண்ணெயில் விமானம் பறக்குமா? சிலமலையிலிருந்து ஒரு கணக்கு

பஜ்ஜி, வடை, சிப்ஸ் எல்லாம் சுட்டு முடிந்த பிறகு சட்டியின் அடியில் மிஞ்சும் கறுப்பு எண்ணெய்க்கு இப்போது உலகம் முழுக்க கிராக்கி. காரணம், அதைச் சுத்திகரித்தால் விமான எரிபொருள் கிடைக்கும். இந்தியாவும் இதில் இறங்கிவிட்டது. ஹரியானா மாநிலம் பானிபட்டில் உள்ள இந்தியன் ஆயில் சுத்திகரிப்பு ஆலை, பயன்படுத்திய சமையல் எண்ணெயிலிருந்து விமான எரிபொருள் தயாரிப்பதற்கான சர்வதேசச் சான்றிதழை 2025 ஆகஸ்டில் பெற்றது. ஆண்டுக்கு 35,000 டன் தயாரிப்பது இலக்கு.

சரி, பஜ்ஜி எண்ணெயில் விமானம் எப்படிப் பறக்கும்? எவ்வளவு எண்ணெய் வேண்டும்? தேனி மாவட்டம் போடிநாயக்கனூர் பக்கத்தில் உள்ள சிலமலை மாதிரி ஒரு ஊருக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

விமானத்துக்கு ஏன் மாற்று எரிபொருள்?

விமானத்தில் ஊற்றுவது பெட்ரோல் இல்லை. நன்றாகச் சுத்திகரிக்கப்பட்ட ஒரு வகை மண்ணெண்ணெய். ஏ.டி.எஃப் என்பார்கள். இது ஒரு டன் எரிந்தால் சுமார் 3.16 டன் கார்பன் டை ஆக்சைடு வெளியேறும். உலகம் வெளியிடும் மொத்த கார்பன் டை ஆக்சைடில் விமானங்களின் பங்கு சுமார் 2.5 சதவீதம்.

கேட்க சின்ன எண்தான். ஆனால் உலக மக்கள் தொகையில் பெரும்பாலானோர் ஒரு வருஷத்தில் ஒரு முறைகூட விமானம் ஏறுவதில்லை. ஏறுபவர்கள் விடும் புகையின் பலனை ஏறாதவர்களும் சேர்ந்துதான் அனுபவிக்க வேண்டியிருக்கிறது.

போடி வட்டாரத்துக்கு இது புரியாத விஷயம் இல்லை. இங்கிருந்து தினமும் காலையில் ஜீப் பிடித்து, போடிமெட்டு வழியாக ஏலத் தோட்ட வேலைக்குப் போகிறவர்கள் ஏராளம். ஏலச்செடி குளிர்ச்சியும் நிழலும் ஈரமும் இருந்தால்தான் காய்க்கும். 2024 கோடை வறட்சியில் இடுக்கி மாவட்ட ஏலத் தோட்டங்கள் பெருமளவு காய்ந்தன. செடி காய்ந்தால் தோட்டக்காரருக்கு விளைச்சல் நஷ்டம், கூலிக்காரருக்கு வேலை நஷ்டம். ஒரு வருஷ வறட்சிக்கு விமானத்தை மட்டும் குறை சொல்ல முடியாதுதான். ஆனால் பூமி சூடாகச் சூடாக இப்படிப்பட்ட கோடைகள் அடிக்கடி வரும் என்பதுதான் கவலை.

பேட்டரி போட்டால் ஆகாதா?

ஸ்கூட்டர், கார், பஸ் எல்லாம் மின்சாரத்துக்கு மாறும்போது விமானம் மட்டும் ஏன் மாறவில்லை? எடைதான் சிக்கல். ஒரு கிலோ விமான எரிபொருளில் இருக்கும் ஆற்றல், ஒரு கிலோ லித்தியம் பேட்டரியில் இருப்பதைப் போல 40 மடங்குக்கும் மேல். டெல்லிக்குப் போகிற அளவு பேட்டரியை ஏற்றினால் பயணிகளுக்கு இடம் இருக்காது. விமானமும் தரையை விட்டு எழும்பாது.

ஹைட்ரஜன்? அதைத் திரவமாக வைத்திருக்க மைனஸ் 253 டிகிரி குளிர் வேண்டும். விமானத்தின் வடிவத்திலிருந்து விமான நிலையத்தின் குழாய் வரை எல்லாவற்றையும் மாற்ற வேண்டும். 2035-க்குள் ஹைட்ரஜன் விமானம் என்று சொல்லிவந்த ஏர்பஸ் நிறுவனமே 2025-ல் அந்தத் திட்டத்தைத் தள்ளிப்போட்டது.

ஆக, இப்போதைக்குக் கையில் இருக்கும் வழி, இருக்கிற இன்ஜினிலேயே ஓடக்கூடிய வேறு எரிபொருள். அதற்குப் பெயர் நிலைத்த விமான எரிபொருள், சுருக்கமாக எஸ்.ஏ.எஃப்.

சமையல் எண்ணெய் எப்படி விமான எரிபொருள் ஆகிறது?

எண்ணெயை வடிகட்டி அப்படியே டேங்கில் ஊற்றிவிட முடியாது. மார்கழி மாதம் காலையில் தேங்காய் எண்ணெய் பாட்டிலை எடுத்துப் பாருங்கள். கட்டியாக உறைந்திருக்கும். 35,000 அடி உயரத்தில் வெளியே இருக்கும் குளிர் மைனஸ் 50 டிகிரியை ஒட்டி வரும். அதனால்தான் விமான எரிபொருள் மைனஸ் 47 டிகிரி வரை உறையக் கூடாது என்று விதி வைத்திருக்கிறார்கள். லாரிக்குப் போடும் பயோ டீசல்கூட இந்தச் சோதனையில் தேறாது.

எனவே ஆலையில் எண்ணெயைச் சுத்தம் செய்து, அதிக சூட்டிலும் அழுத்தத்திலும் ஹைட்ரஜனோடு சேர்க்கிறார்கள். எண்ணெயில் இருக்கும் ஆக்சிஜன் பிரிந்து போய்விடும். மிஞ்சும் நீளமான மூலக்கூறுகளை உடைத்து, குளிரில் உறையாதபடி வடிவம் மாற்றுகிறார்கள். கடைசியில் கிடைப்பது ஏறக்குறைய ஏ.டி.எஃப் மாதிரியே இருக்கும் ஒரு திரவம். வடை வாசனையெல்லாம் வராது!

இப்போதைய விதிப்படி இதை வழக்கமான எரிபொருளோடு 50 சதவீதம் வரை கலக்கலாம். இன்ஜினை மாற்ற வேண்டாம், டேங்கை மாற்ற வேண்டாம். முழுக்க எஸ்.ஏ.எஃப்-பிலேயே பறக்க முடியுமா என்றால், முடியும். 2023 நவம்பர் 28-ல் வர்ஜின் அட்லாண்டிக் நிறுவனத்தின் போயிங் 787 லண்டனிலிருந்து நியூயார்க் வரை அப்படிப் பறந்து காட்டியது.

இதுவும் எரியும்போது புகை விடத்தான் செய்யும். வித்தியாசம் எங்கே? பெட்ரோலியம் எரிந்தால், கோடிக்கணக்கான ஆண்டுகளாகப் பூமிக்குள் கிடந்த கார்பன் புதிதாகக் காற்றில் சேரும். தாவர எண்ணெய் எரிந்தால், அந்தச் செடி காற்றிலிருந்து எடுத்த கார்பனே திரும்பிப் போகும். தயாரிப்புச் செலவு, போக்குவரத்து எல்லாம் சேர்த்துக் கணக்கிட்டாலும் 80 சதவீதம் வரை கார்பன் குறையலாம் என்கிறார்கள். அந்த "வரை" முக்கியம். எந்த மூலப்பொருள் என்பதைப் பொறுத்து பலன் கூடும், குறையும்.

இந்தியாவில் இதுவரை பறந்தவை

2018 ஆகஸ்ட் 27: டேராடூனிலிருந்து டெல்லிக்கு ஸ்பைஸ்ஜெட் விமானம் சோதனைப் பயணம் செய்தது. 25 சதவீதம் காட்டாமணக்கு எண்ணெயிலிருந்து தயாரான எரிபொருள். தொழில்நுட்பம் டேராடூனில் உள்ள இந்திய பெட்ரோலிய நிறுவனத்தினுடையது.

2019 ஜனவரி 26: டெல்லி குடியரசு தின அணிவகுப்பில் விமானப்படையின் ஏ.என்-32 விமானம் 10 சதவீத உயிரி எரிபொருள் கலந்து பறந்தது.

2023 மே 19: புனேயிலிருந்து டெல்லிக்கு ஏர் ஏசியா இந்தியா பயணிகள் விமானம், உள்நாட்டில் தயாரான எஸ்.ஏ.எஃப் கலந்து பறந்தது. மூலப்பொருள் கரும்பிலிருந்து வந்தது.

அதாவது, பறக்குமா என்ற கேள்விக்கு எப்போதோ பதில் கிடைத்துவிட்டது. இப்போதைய கேள்வி, அவ்வளவு எண்ணெய்க்கு எங்கே போவது?

சிலமலை கணக்கு: ஒரு மணி நேரத்துக்கு எத்தனை கடை?

சிலமலைக்குப் பக்கத்து விமான நிலையம் மதுரை. அங்கிருந்து ஏர்பஸ் ஏ320 மாதிரி ஒரு விமானம் கிளம்புகிறது என்று வைத்துக்கொள்வோம். பறக்கும் ஒரு மணி நேரத்துக்கு அது குடிப்பது சுமார் 2.5 டன் எரிபொருள்.

ஆலைக்குப் போகும் எண்ணெய் முழுதும் விமான எரிபொருளாக மாறாது. ஒரு பங்கு டீசலாகவும் நாப்தாவாகவும் எரிவாயுவாகவும் பிரியும். கணக்கு சுலபமாக இருக்க, பாதி தேறும் என்று எடுத்துக்கொள்வோம். அப்படியென்றால் 2.5 டன்னுக்கு 5 டன் பழைய எண்ணெய் வேண்டும். லிட்டரில் சொன்னால் சுமார் 5,400.

ஒரு டீக்கடை ஒரு நாளைக்கு 5 லிட்டர் பழைய எண்ணெய் தருகிறது என்றால், அந்த ஒரு மணி நேரத்துக்கு மட்டும் சுமார் 1,080 கடைகளின் ஒரு நாள் எண்ணெய் தேவை. சிலமலை, போடி, தேவாரம் என்று மொத்த வட்டாரத்தையும் சலித்தாலும் அத்தனை கடை தேறுவது சிரமம்.

அதே விமானத்தில் 1 சதவீதம் மட்டும் கலந்தால்? 11 கடை போதும். இது நடக்கிற காரியம். மத்திய அரசு வைத்திருக்கும் இலக்கும் இதேபோல் படிப்படியானதுதான். சர்வதேச விமானங்களுக்கு 2027-ல் 1 சதவீதம், 2028-ல் 2 சதவீதம், 2030-ல் 5 சதவீதம்.

இந்தியா முழுக்க விமானங்கள் ஆண்டுக்குக் குடிக்கும் எரிபொருள் இப்போது சுமார் 90 லட்சம் டன். பானிபட்டின் 35,000 டன் அதில் அரை சதவீதம்கூட இல்லை. உலக நிலவரமும் பெரிய வித்தியாசம் இல்லை. 2024-ல் உலகம் முழுக்கத் தயாரான எஸ்.ஏ.எஃப் சுமார் 10 லட்சம் டன். மொத்த விமான எரிபொருளில் அது 0.3 சதவீதம்தான்.

அந்த எண்ணெய் இப்போது எங்கே போகிறது?

பெரிய கடையில் கறுத்த எண்ணெய் சில இடங்களில் குறைந்த விலைக்குச் சின்ன கடைக்குக் கைமாறுகிறது. அங்கே மறுபடி சட்டி ஏறுகிறது. திரும்பத் திரும்பக் கொதித்த எண்ணெய் ரத்த அழுத்தம், ரத்தக்குழாய் அடைப்பு, கல்லீரல் கோளாறு போன்றவற்றுக்குக் காரணமாகலாம் என்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் எச்சரிக்கிறது. எண்ணெய் கெட்டுப்போவதைக் காட்டும் போலார் சேர்மங்கள் 25 சதவீதத்தைத் தாண்டினால் அந்த எண்ணெயில் சமைக்கக் கூடாது. 2018 ஜூலை முதல் இதுதான் விதி. அதே ஆண்டு ஆகஸ்டில், பழைய எண்ணெயைச் சேகரித்து எரிபொருளாக்கும் 'ரூகோ' திட்டமும் தொடங்கப்பட்டது. நாளொன்றுக்கு 50 லிட்டருக்கு மேல் பொரிக்கும் கடைகள் கணக்கும் வைத்திருக்க வேண்டும்.

ஆனால் நாளுக்கு 5 லிட்டர் மிஞ்சும் கிராமத்துக் கடைக்கு இந்தக் கணக்கு வராது. ஐந்து லிட்டருக்காக ஒரு வண்டி மலையடிவாரம் வரை வந்து போனால் டீசல் செலவுக்குக்கூடக் கட்டாது. பத்துப் பதினைந்து ஊருக்கு ஒரு சேகரிப்பு மையமும், கைமாற்றி விற்பதைவிடக் கொஞ்சம் கூடுதல் விலையும் கிடைத்தால்தான் கடைக்காரர் எண்ணெயைக் கொடுப்பார். கொடுத்தால் விமானத்துக்கு முன்னால் முதல் லாபம் வடை சாப்பிடுகிறவருக்குத்தான். அந்த எண்ணெய் அவர் தட்டுக்குத் திரும்பி வராது.

காட்டாமணக்கு சொல்லித்தந்த பாடம்

எரிபொருளுக்காகவே பயிர் வைத்தால் என்ன? ஏற்கெனவே வைத்துப் பார்த்தாச்சு. 2000-களில் காட்டாமணக்கு ஒரு அலை மாதிரி வந்தது. மத்திய திட்டக் குழுவின் குழு ஒன்று 2003-ல் இதைப் பெரிய அளவில் பரிந்துரைத்தது. தமிழ்நாட்டிலும் விவசாயிகளிடம் கொண்டுபோனார்கள். தரிசில் வளரும், தண்ணீர் வேண்டாம், ஆடு மாடு கடிக்காது என்பதுதான் விளம்பரம்.

ஆடு மாடு கடிக்கவில்லை, அது உண்மை. ஆனால் வேலியில் உயிரோடு நிற்பது வேறு, காய்த்துக் காசு தருவது வேறு. தண்ணீர் இல்லாத நிலத்தில் விளைச்சல் சொன்ன அளவுக்கு வரவில்லை. தமிழ்நாட்டு காட்டாமணக்குத் தோட்டங்களைப் பற்றி 2010-ல் வெளியான ஓர் ஆய்வும் இதைத்தான் சொன்னது. எதிர்பார்த்ததைவிடக் குறைந்த விளைச்சல், கட்டுப்படியாகாத வருமானம். செடியைப் பிடுங்கிப் போட்டவர்கள் பலர். இழந்த வருஷங்களுக்குக் கணக்கு யாரும் கேட்கவில்லை.

எத்தனால் வழியிலும் ஒரு சிக்கல் உண்டு. கரும்பு, மக்காச்சோளத்திலிருந்து வரும் எத்தனாலையும் விமான எரிபொருளாக மாற்றலாம். ஆனால் பெட்ரோலில் கலக்கும் எத்தனாலுக்காக மக்காச்சோளம் போனதிலேயே, 2024-ல் இந்தியா பல பத்தாண்டுகளுக்குப் பிறகு மக்காச்சோளத்தை அதிகம் இறக்குமதி செய்யும் நாடாக மாறியது. விற்கிற விவசாயிக்கு நல்ல விலை. தீவனம் வாங்கும் கோழிப் பண்ணைக்குத் திண்டாட்டம். அதே பயிருக்கு விமானமும் போட்டிக்கு வந்தால் முட்டை விலை வரை எதிரொலிக்கும்.

டிக்கெட் விலை ஏறுமா?

எஸ்.ஏ.எஃப் வழக்கமான எரிபொருளைவிட இரண்டு மடங்குக்கும் மேல் விலை. ஆனால் 1 சதவீதம் கலப்பதால் மொத்த எரிபொருள் செலவில் கூடுவது ஒன்றிரண்டு சதவீதம்தான். 5, 10 என்று கலப்பு ஏறும்போதுதான் டிக்கெட்டில் கை வைக்கும். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 முதல் 2 சதவீதம் கட்டாயம், 2030-ல் 6 சதவீதம். வளைகுடாவுக்கு வேலைக்குப் போய்வரும் நம்மூர்க்காரர்களுக்கு இந்தக் கூடுதல் செலவு முதலில் தெரியலாம். இந்தியாவின் இலக்கு தொடங்குவதே சர்வதேச விமானங்களில்தான்.

2027-ல் எதைக் கவனிக்க வேண்டும்?

எத்தனை சதவீதம் கலந்தார்கள் என்பது செய்தியில் வந்துவிடும். அதோடு இன்னும் மூன்று கேள்விகளைக் கேட்க வேண்டியிருக்கிறது. அந்த எண்ணெய் உண்மையிலேயே பழைய எண்ணெயா, இல்லை புது பாமாயிலுக்குப் பழையது என்று பெயர் வைத்துக் கொண்டுவந்ததா? ஐரோப்பாவில் இந்தச் சந்தேகம் ஏற்கெனவே எழுந்தது. சின்ன ஊர்க் கடைக்காரருக்கு லிட்டருக்கு என்ன கொடுக்கிறார்கள்? எரிபொருளுக்கு என்று புதுப் பயிர் வைக்கச் சொன்னால், விளையாவிட்டால் நஷ்டம் யாருக்கு என்று எழுத்தில் இருக்கிறதா?

மூன்றாவது கேள்வியைக் காட்டாமணக்குக் காலத்தில் கேட்டிருந்தால் பல விவசாயிகளின் நிலம் தப்பித்திருக்கும்.