கணினிக்குள் ஒரு துபாஷி

பாகூர்க் கொம்யூனைச் சேர்ந்த பனித்திட்டில், கடற்காற்றின் உப்பு இரும்பையெல்லாம் அரித்துக்கொண்டிருக்கும் ஒரு வீட்டில், பழைய கணினியொன்று லினக்ஸ் இயங்குதளத்தின் புதிய பதிப்போடு இன்றும் இணையத்தைத் தொடுமானால், அதற்குக் காரணம் இயந்திரத்தின் ஆயுள் பாக்கியம் மாத்திரமன்று.

18ஆம் நூற்றாண்டுப் புதுச்சேரியில் பிரெஞ்சு கவர்னர் டூப்ளேக்கும் ஊராருக்கும் இடையே நின்று பேசிய ஆனந்தரங்கப் பிள்ளையைப் போல, லினக்ஸின் கெர்னல் எனும் கருவகத்துக்கும் சாதனத்துக்கும் இடையே நிற்கும் துபாஷியே டிரைவர் என்னும் நிரல்; வண்டியோட்டியை நினைவூட்டும் அப்பெயர் அவ்வளவு பொருத்தமானதன்று என்பது என் அபிப்பிராயம். சாதனத்தின் பாஷை தொழிற்சாலையை விட்டு வந்த நாளோடு பெரும்பாலும் உறைந்துவிடுகிறது. கெர்னலின் உள்மொழியோ, 1991இல் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய நாள் முதல் ஓயாது மாறிவருகிறது. ஆகையால் அங்கே ஒரு தர்மம் உண்டு: உள்ளிருக்கும் ஒரு செயற்கூற்றின் உருவத்தை மாற்ற விரும்புகிறவர், அதனை அழைக்கும் டிரைவர்கள் எத்தனையாயினும், தாம் கண்ணால் காணாத சாதனங்களுக்குரியவையே ஆயினும், அவற்றையெல்லாம் தாமே திருத்தித் தர வேண்டும். கெர்னலின் மூலநிரல் தொகுப்புக்கு வெளியே ரகசியமாக வைக்கப்பட்ட டிரைவருக்கு இந்தப் பரிபாலனம் கிட்டாது. நாளடைவில் அது ஊமையாகிவிடும்.

ஆயினும், திருத்தியது சரிதானா என்று பரீட்சிக்கச் சாதனம் கையில் வேண்டுமே! பிளாப்பி என்னும் பழைய நெகிழ்வட்டுக் கருவியின் டிரைவருக்கு 2019இல் அந்தச் சங்கடமே நேர்ந்தது: வேலை செய்யும் பிளாப்பிக் கருவி பராமரிப்பவரிடமே இல்லாதுபோக, டோர்வால்ட்ஸ் அதனை அநாதை என்று குறித்தார், பிறகு வேறொருவர் முன்வந்து ஏற்றுக்கொண்டார். மெய்யான பிளாப்பி அரிதாகியும், மெய்நிகர்க் கணினிகளுக்குள் அதன் பாவனை இன்னும் வழங்கிவருவதால், அந்தத் துபாஷிக்கு ஓய்வு கிடைத்தபாடில்லை.