ஊராட்சிக் கணிப்பொறியில் ஒலி தடைப்படின்

தென்னையைத் தாக்கும் சுருள் வெள்ளை ஈ 2016-இல் பொள்ளாச்சிப் பகுதியில் காணப்பட்டது முதல், உழவர்கள் நிபுணரிடம் கேட்க வேண்டியவை மிகுந்துள்ளன. அண்மையில் நமது ஒன்றியத்து ஊராட்சி ஒன்றில் இதுபற்றிக் காணொலிக் கூட்டம் நிகழ்ந்தது. விவசாயி ஒருவர் எழுந்து பேசினார். குரல் மறுமுனைக்கு எட்டவில்லை. இவ்வூரில் ஐயமேதும் இல்லை போலும் எனக் கருதி, நிபுணர் அடுத்த ஊரை அழைத்துவிட்டார்! நாம் சென்று பார்த்தபோது கருவியில் பழுதில்லை. ஒலிவாங்கியின் செருகி பச்சைத் துளையில் இருந்தது.

மேசைக் கணிப்பொறியில் பொதுவாக இளஞ்சிவப்புத் துளையே ஒலிவாங்கிக்கு உரியது, பச்சை, ஒலிபெருக்கிக்கு. செருகி சரியாயிருந்தும் குரல் செல்லாவிடில், விண்டோஸ் அமைப்புகளில் 'சவுண்ட்' பகுதியைத் திறந்து, 'இன்புட்' என்பதன்கீழ் நமது ஒலிவாங்கியே தேர்வாகியுள்ளதா எனக் காண்க. பேசும்போது அங்குள்ள பட்டை அசைதல் வேண்டும். அசைந்தும் பயனில்லையெனில், 'பிரைவசி' பகுதியில் ஒலிவாங்கிக்கு அனுமதி மறுக்கப்பட்டிருக்கலாம்.

மறுமுனைக் குரல் நமக்குக் கேளாவிடில் 'அவுட்புட்' பகுதியை நோக்குக. எச்.டி.எம்.ஐ. கம்பியால் தொலைக்காட்சியை இணைத்ததும் ஒலி அதற்கே சென்றுவிடுவதுண்டு. ஊளையொலி எழுமாயின், ஒலிபெருக்கியின் ஓசை மீண்டும் ஒலிவாங்கியிற் புகுவதே காரணம். இரண்டையும் விலக்கி வைத்து அளவைக் குறைக்க.

இச்சோதனையைக் கூட்டத்திற்கு அரைமணி முன்னரே ஊராட்சிச் செயலர் முடித்துவிடுதல் நலம்.