பீட் அலைக்கு முந்தைய பிரித்தானிய ராக் அண்ட் ரோல்

பீட் அலைக்கு முந்தைய பிரித்தானிய ராக் அண்ட் ரோல் என்பது 1956 முதல் 1962 வரை ஐக்கிய இராச்சியத்தில் பாடப்பட்ட இளைஞர் இசையைக் குறிக்கும். 1963 இல் பீட்டில்ஸ் குழுவின் வெற்றியோடு தொடங்கிய பீட் அலை இதனைப் பின்னுக்குத் தள்ளியது. இக்காலப் பாடகர்கள் எல்விஸ் பிரெஸ்லியின் நகல்கள் என்ற கருத்து நெடுங்காலம் நிலவியது. அது பாதி மட்டுமே உண்மை.

தோற்றம்

லோனி டோனகனின் "ராக் ஐலண்ட் லைன்" 1956 இல் பெற்ற வெற்றி ஸ்கிஃபில் என்னும் எளிய இசையைப் பரப்பியது. தேயிலைப் பெட்டியில் கம்பும் கயிறும் பொருத்தினால் அது மந்தசுர நரம்புக் கருவி. துணி துவைக்கும் பலகை தாளக் கருவி. கோவில்பட்டி முதலிய கரிசல் ஊர்களின் கோயில் கொடைகளில் வில்லுப்பாட்டுக் குழுவினர் மண்குடத்தைத் தாளக் கருவியாக்குவதைக் கண்டவர்களுக்கு இம்முறை புதிதாகத் தோன்றாது. செலவின்றிக் குழு அமைக்க முடிந்ததால் ஊர்தோறும் இளைஞர்கள் பாடத் தொடங்கினர். ஜான் லெனனின் முதல் குழுவும் ஸ்கிஃபில் குழுவே.

இலண்டன் சோஹோ பகுதியின் "டூ ஐஸ்" காப்பிக் கடையில் பாடிய டாமி ஸ்டீல் 1956 இல் முதல் இசைத்தட்டை வெளியிட்டார். லாரி பார்ன்ஸ் என்ற மேலாளர் தம் பாடகர்களுக்கு மார்ட்டி வைல்ட், பில்லி ஃபியூரி என விறுவிறுப்பான பெயர்களைச் சூட்டினார்.

மதிப்பீடு

இசைத்தட்டு நிறுவனங்கள் அமெரிக்க வெற்றிப் பாடல்களை உள்ளூர்ப் பாடகர்களைக் கொண்டு மீண்டும் பதிவு செய்தன. நகல் என்ற குற்றச்சாட்டு இங்கிருந்தே எழுந்தது. எனினும் கிளிஃப் ரிச்சர்டின் "மூவ் இட்" (1958), ஜானி கிட் குழுவின் "ஷேக்கின் ஆல் ஓவர்" (1960) ஆகியவை பிரித்தானியரே இயற்றியவை. முன்னதை ஐயன் சாம்வெல் பேருந்துப் பயணத்தில் எழுதினார். பில்லி ஃபியூரியின் "தி சவுண்ட் ஆஃப் ஃபியூரி" (1960) இசைத்தட்டின் பத்துப் பாடல்களும் அவரே எழுதியவை. பாடகர் தாமே எழுதுவது அந்நாளில் அரிது. இவ்வகையில் பீட்டில்ஸ் குழுவுக்கு அவர் முன்னோடி எனலாம். அக்குழுவினரே 1960 மே மாதத்தில் ஃபியூரிக்குப் பின்னணி வாசிக்கும் வாய்ப்பை நாடித் தேர்வுக்கு வந்தவர்கள்தாம்.

இந்தியத் தொடர்பு

கிளிஃப் ரிச்சர்ட் 1940 இல் இலக்னோவில் ஹாரி ராட்ஜர் வெப் என்ற பெயரில் பிறந்தார். குடும்பம் 1948 இல் இங்கிலாந்து சென்றது. 1962 வரை பீட்டில்ஸ் குழுவில் முரசு இசைத்த பீட் பெஸ்ட் 1941 இல் சென்னையில் பிறந்தவர்.

சென்னையில் 1936 இல் பிறந்த ஆர்னல்டு ஜார்ஜ் டோர்சியின் வாழ்க்கை இன்னும் கவனிக்கத்தக்கது. லெஸ்டரில் வளர்ந்த அவர் ஜெரி டோர்சி என்ற பெயரில் 1959 இல் வெளியிட்ட "கிரேசி பெல்ஸ்" எடுபடவில்லை. 1961 இல் காசநோய் தாக்கியது. நலம்பெற்றுத் திரும்பியபோது இசையின் போக்கே மாறியிருந்தது. 1965 இல் மேலாளர் கோர்டன் மில்ஸ், ஒரு செருமானிய இசையமைப்பாளரின் பெயரான எங்கெல்பெர்ட் ஹம்பர்டிங்க் என்பதை அவருக்குச் சூட்டினார். 1967 இல் அவர் பாடிய "ரிலீஸ் மி" பிரித்தானியத் தரவரிசையில் ஆறு வாரங்கள் முதலிடத்தில் இருந்தது. அதனால் பீட்டில்ஸின் "பென்னி லேன்", "ஸ்ட்ராபெரி ஃபீல்ட்ஸ் ஃபாரெவர்" இணைந்த இசைத்தட்டு இரண்டாம் இடத்தில் நின்றுவிட்டது.