நிகான் டி90: வாங்கியவர்கள் எதற்குக் காசு கொடுத்தார்கள்?

போன வாரம் அக்கா பையன் போன் பண்ணினான். "மாமா, நிகான் டி90 ஒண்ணு செகண்ட் ஹேண்ட்ல வருது. 18-105 லென்ஸும் சேர்த்துத் தர்றாங்க. வாங்கலாமா?" வேலைக்குப் போய் முதன்முதலாகச் சேர்த்த காசு. ரெண்டு கல்யாண ஆர்டர் எடுத்தால் போட்டதை எடுத்துவிடலாம் என்பது அவன் கணக்கு.

நான் 2010-லிருந்து அதே கேமராவை வைத்திருக்கிறேன். "கண்ணை மூடிக்கிட்டு வாங்குடா" என்று சொல்ல வாய் வரை வந்துவிட்டது. ஆனால் எனக்குச் சரியாக இருந்தது அவனுக்கும் சரியாக இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லையே. ராத்திரி கூப்பிடுகிறேன் என்று சொல்லிவிட்டு, இந்தக் கேமராவை வருஷக்கணக்கில் புழங்கியவர்கள் சொல்லிக் கேட்டதையும் என் அனுபவத்தையும் சேர்த்துக் குறிப்பு எழுத ஆரம்பித்தேன். அதுதான் இந்தப் பதிவு.

முதலில் ஒரு பழைய கேள்வி. டி90 வந்தது 2008 ஆகஸ்டில். 12.3 மெகாபிக்சல். அதற்கு முந்தைய வருஷம் வந்திருந்த, விலை கூடிய டி300-ம் 12.3 மெகாபிக்சல்தான். அடுத்த வருஷம், 2009 ஏப்ரலில், விலை குறைந்த டி5000 வந்தது. அதுவும் 12.3 மெகாபிக்சல். ஒரே லென்ஸைப் போட்டு ஒரே இடத்தில் நின்று டி90-யிலும் டி5000-யிலும் எடுத்த ரெண்டு படத்தைக் காட்டினால், எது எதில் எடுத்தது என்று யாராலும் சொல்வது கஷ்டம். அப்படியானால் டி5000 போதும் என்று நிற்காமல் டி90-க்குக் கூடுதலாகக் கொடுத்தவர்கள் எதற்குக் கொடுத்தார்கள்?

படத்துக்கு இல்லை என்பதுதான் என் பதில். கையில் வைத்துப் புழங்குகிற சௌகரியத்துக்கும், அடுத்து வாங்கப்போகிற லென்ஸுக்கும் கொடுத்தார்கள். கடையில் நின்று பார்க்கும்போது இது புரியாது. ஆறு மாசம் ஆக வேண்டும்.

மோட்டார்

டி90-யில் லென்ஸைக் கழற்றிவிட்டு உலோக வளையத்தைப் பாருங்கள். ஒரு ஓரத்தில் குட்டி ஸ்க்ரூடிரைவர் முனை மாதிரி ஒன்று நீட்டிக்கொண்டிருக்கும். கேமராவின் உள்ளே இருக்கிற மோட்டார் இந்த முனையைச் சுற்றும். அது லென்ஸின் பின்பக்கம் இருக்கிற காடியில் உட்கார்ந்து, உள்ளே கண்ணாடிகளை முன்னும் பின்னும் நகர்த்தி ஃபோகஸ் செய்யும். நிகானின் பழைய ஏஎஃப், ஏஎஃப்-டி வகை லென்ஸ்களில் சொந்த மோட்டார் கிடையாது. அவை இந்த முனையை நம்பித்தான் இருக்கின்றன. ஏஎஃப்-எஸ் வகையில் மோட்டார் லென்ஸுக்குள்ளேயே இருக்கும்.

டி40, டி60, டி3000, டி5000 எதிலும் இந்த முனை கிடையாது. பழைய லென்ஸ் மாட்டும், படமும் எடுக்கும், ஆனால் ஃபோகஸை நாம்தான் கையால் திருப்ப வேண்டும். டி5000 வாங்கிய பலருக்கு இது உறைத்தது முதல் 50 மி.மீ. லென்ஸ் வாங்கப் போனபோதுதான். குறைந்த விலையில் கிடைத்த 50 மி.மீ. எஃப்/1.8டி அவர்களுக்குத் தானாக ஃபோகஸ் ஆகாது. அதே லென்ஸின் ஏஎஃப்-எஸ் வடிவம் 2011-ல்தான் வந்தது. டி90 வைத்திருந்தவர்கள் பழைய லென்ஸ் விற்கிற கடைகளில் எதை வேண்டுமானாலும் எடுத்து மாட்டிப் பார்க்க முடிந்தது. 'கர்ர்' என்று சத்தம் வரும், அவ்வளவுதான்.

ஒரு எச்சரிக்கை. ஏஎஃப் வருவதற்கு முந்தைய, முழுக்கக் கையால் திருப்பும் ஏஐ லென்ஸ்கள் டி90-யில் மாட்டும், ஆனால் வெளிச்சத்தை அளக்காது. குத்துமதிப்பாக வைத்து, எடுத்துப் பார்த்து, திருத்திக்கொள்ள வேண்டும். அந்த வசதி 2010 செப்டம்பரில் வந்த டி7000-ல் இருக்கிறது.

கண்ணும் விரலும்

வியூஃபைண்டர் வழியாகப் பார்க்கும்போது லென்ஸ் காட்டுகிற பிம்பத்தை நிமிர்த்திக் கண்ணுக்கு அனுப்ப ரெண்டு வழி உண்டு. ஒன்று, திடமான கண்ணாடிக் கட்டியால் ஆன பென்டாப்ரிசம். இன்னொன்று, கண்ணாடித் துண்டுகளைக் கூடு மாதிரி ஒட்டிச் செய்த பென்டாமிரர். இரண்டாவது மலிவு, எடையும் குறைவு, ஆனால் வெளிச்சம் கொஞ்சம் இழக்கும். டி90-யில் ப்ரிசம், உருப்பெருக்கம் 0.94. டி5000-ல் மிரர், உருப்பெருக்கம் 0.78. எண்ணில் சின்ன வித்தியாசமாகத் தெரியும். கண்ணை வைத்துப் பார்த்தால் ஜன்னல் வழியாகப் பார்ப்பதற்கும் சாவித்துவாரம் வழியாகப் பார்ப்பதற்கும் உள்ள வித்தியாசம். சாயங்கால வெளிச்சத்தில் குழந்தைகள் ஓடியாடுவதை எடுக்கிறவர்களுக்கு இது பெரிய விஷயம்.

அடுத்தது ரெண்டு சக்கரம். கட்டைவிரலுக்கு ஒன்று, ஆள்காட்டி விரலுக்கு ஒன்று. ஷட்டர் வேகத்தையும் துளை அளவையும் கண்ணை எடுக்காமலே மாற்றலாம். ஒரு சக்கரம் மட்டும் இருக்கிற கேமராவில் பட்டனை அமுக்கிக்கொண்டே திருப்ப வேண்டும். மேனுவலாக எடுத்துப் பழக நினைக்கிறவர்களுக்கு முதல் நாளிலேயே இது தெரிந்துவிடும்.

பேட்டரியும் அப்படித்தான். ஜப்பானியக் கேமரா நிறுவனங்களின் பொதுச் சோதனை முறைப்படி டி90 ஒரு சார்ஜில் 850 படம், டி5000 510 படம். ஃப்ளாஷ் அதிகம் போடாமல் எடுத்தால் இதைவிடக் கூடவே வரும். வெளியூர்ப் பயணத்துக்கு சார்ஜரை மறந்துவிட்டுப் போயும் மூன்று நாள் ஓட்டியிருக்கிறேன்.

குறைகள்

டி90 வைத்திருப்பவர்களிடம் பேசினால் நாலைந்து குறைகள் திரும்பத் திரும்ப வரும்.

ஒன்று, படம் வெளுத்துப்போவது. வெளிச்சம் அளக்கும் மேட்ரிக்ஸ் முறை, ஃபோகஸ் புள்ளி எங்கே இருக்கிறதோ அந்த இடத்துக்கு அதிக முக்கியத்துவம் கொடுப்பதாகப் பலரும் கண்டிருக்கிறார்கள். நடு மத்தியானத்தில் வெள்ளை வேட்டி சட்டை போட்டவரின் முகத்தில் ஃபோகஸ் வைத்தால், முகத்தைச் சரியாகக் காட்டுவதற்காக வேட்டியின் மடிப்பெல்லாம் அழிந்து வெறும் வெள்ளையாகிவிடும். பழக்கமானவர்கள் வெயிலில் போனதும் எக்ஸ்போஷர் காம்பன்சேஷனை -0.3 அல்லது -0.7 வைத்துக்கொள்வார்கள். நானும் அப்படித்தான்.

இரண்டு, வீடியோ. வீடியோ எடுத்த முதல் டிஎஸ்எல்ஆர் டி90-தான், அந்தப் பெருமை அதற்கு எப்போதும் உண்டு. ஆனால் 720 வரிசை, நொடிக்கு 24 பிரேம், ஒரு தடவைக்கு அதிகபட்சம் 5 நிமிஷம், ஒற்றைச் சேனல் ஒலி. எடுத்துக்கொண்டிருக்கும்போது ஃபோகஸ் தானாக மாறாது. சென்சார் மேலிருந்து கீழாக வரிவரியாகப் படிப்பதால், கேமராவை வேகமாகத் திருப்பினால் கம்பமெல்லாம் சாய்ந்து ஜெல்லி மாதிரி ஆடும். இன்றைக்கு ஒரு சாதாரண போன் இதைவிட நன்றாக வீடியோ எடுக்கும்.

மூன்று, இருட்டு. ஐஎஸ்ஓ 1600 வரை கவலையில்லை. 3200-ல் புள்ளி புள்ளியாகத் தெரிய ஆரம்பிக்கும். வந்த காலத்தில் இதுவே பாராட்டப்பட்டது. இப்போதைய கேமராக்களோடு ஒப்பிட்டால் பின்தங்கித்தான் இருக்கிறது.

நான்கு, ரப்பர். வியர்வையும் சூடும் பட்டுப் பட்டு, கைப்பிடி ரப்பரும் கட்டைவிரல் படுகிற இடத்து ரப்பரும் உப்பி, பசை விட்டுத் தளர்ந்துபோவது பழைய டி90-களில் சகஜம். படத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. மாற்று ரப்பர் வாங்கி ஒட்டிக்கொள்ளலாம்.

ஐந்து, கார்டு. எஸ்டி, எஸ்டிஎச்சி வரைதான், அதாவது 32 ஜிபி. எஸ்டிஎக்ஸ்சி வகையை அது அதிகாரபூர்வமாக ஏற்காது. 12 மெகாபிக்சலுக்கு 32 ஜிபி தாராளம். பிரச்சினை அளவில் இல்லை. கார்டு போடுகிற இடம் ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. இதற்குத் திரும்ப வருகிறேன்.

பழசு வாங்கும்போது

ஷட்டர் என்பது இயங்கித் தேய்கிற பாகம். டி90-யின் ஷட்டரை 1,00,000 தடவை இயக்கிச் சோதித்ததாக நிகான் சொன்னது. அதைத் தாண்டினால் உடனே நின்றுவிடும் என்று அர்த்தமில்லை. அதற்கு முன்னாலேயே போனதும் உண்டு, அதற்கு மேல் வெகுதூரம் ஓடியதும் உண்டு. ஒரு கணக்குக்கு வைத்துக்கொள்ளலாம். மாசம் 500 படம் எடுக்கிற பொழுதுபோக்குக்காரருக்கு ஒரு லட்சம் என்பது பதினாறு வருஷத்துக்கு மேல். கல்யாணத்துக்கு 1,000 படம் எடுக்கிறவருக்கு நூறு கல்யாணம், அதாவது மூன்று நாலு சீசன். ஆகவே கேமரா எத்தனை வருஷம் பழசு என்று கேட்பதைவிட, யார் கையில் இருந்தது என்று கேளுங்கள்.

எத்தனை தடவை அடித்தது என்பதைக் கேமராவே ஒவ்வொரு படத்தின் எக்ஸிஃப் தகவலிலும் எழுதிவைக்கும். நேரில் போய், நம் கார்டைப் போட்டு, ஒரு படம் எடுத்து, அந்த மூலக் கோப்பைக் கம்ப்யூட்டரில் திறந்து பார்க்க வேண்டும். விற்கிறவர் வாட்ஸ்அப்பில் அனுப்புகிற படத்தில் அந்தத் தகவல் அழிந்துபோயிருக்கும்.

கூடவே ஒரு ஏஎஃப்-டி லென்ஸைக் கடன் வாங்கிக்கொண்டு போங்கள். உடன் வருகிற 18-105-க்குச் சொந்த மோட்டார் இருப்பதால், கேமராவின் மோட்டார் செத்திருந்தாலும் தெரியாது. பிறகு லென்ஸின் வழியாக டார்ச் அடித்துப் பாருங்கள். சிலந்தி வலை மாதிரி நூல் நூலாகத் தெரிந்தால் அது பூஞ்சை. ஒரு மழைக்காலம் முழுக்க லென்ஸைத் தோல் பையில் மூடியே வைத்திருந்து நானே ஒன்றை இப்படிப் பறிகொடுத்தேன். இப்போது எல்லாம் சிலிகா ஜெல் போட்ட காற்றுப்புகா டப்பாவில் இருக்கிறது.

அவனுக்குச் சொன்னது

ராத்திரி பையனுக்குப் போன் பண்ணிச் சொன்னேன். "கத்துக்கறதுக்குன்னா வாங்கு. ரெண்டு சக்கரம், நல்ல வியூஃபைண்டர், எந்தப் பழைய ஏஎஃப் லென்ஸும் போடலாம். இந்தக் காசுக்கு இதைவிட நல்ல வாத்தியார் கிடைக்காது. ஆனா இதை மட்டும் நம்பி கல்யாண ஆர்டர் எடுக்காதே."

"ஏன் மாமா, படம் நல்லாத்தானே வருது?"

"படம் நல்லா வரும். கார்டு ஒண்ணுதான் போட முடியும். அது படுத்துச்சுன்னா தாலி கட்டினது போச்சு. திரும்ப கட்டச் சொல்லுவியா?"

கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. டி7000-ல் ரெண்டு கார்டு போடலாம், ஒரே படம் ரெண்டிலும் பதிவாகும் என்பதைச் சொன்னேன். அடுத்தவர் வீட்டு விசேஷத்துக்குக் காசு வாங்குவதென்றால் அந்த ரெண்டாவது கார்டு இருக்க வேண்டும், அல்லது கூட இன்னொரு ஆள் இன்னொரு கேமராவோடு நிற்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்தான். ஷட்டர் 41,000 சொச்சம். மோட்டார் ஓடுகிறது, லென்ஸ் சுத்தம், கட்டைவிரல் ரப்பர் மட்டும் தூக்கிக்கொண்டு நிற்கிறது. அதைச் சொல்லியே ஐநூறு ரூபாய் குறைத்து வாங்கிவிட்டான். ஆர்டர் எதுவும் எடுக்கவில்லை. அவர்கள் தெருவில் ஸ்டுடியோ வைத்திருக்கிறவர் அடுத்த முகூர்த்தத்துக்கு ஓரமாக நின்று எடுக்க வரச் சொல்லியிருக்கிறாராம். என் பழைய 50 மி.மீ.-ஐ அவனுக்குப் பார்சல் கட்டி வைத்திருக்கிறேன்.